பழைய ட்ரெயில் பைக்கில் எது அசல் ரிம்?

பழைய மோட்டார் சைக்கிள் விற்பனை விளம்பரங்களைத் தொடர்ந்து படிக்கிறவங்களுக்கு ஒரு வாசகம் பழகிப்போயிருக்கும். "வண்டி நல்லா ஓடுது, என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஒத்துப்போகுது, ஆனா ரிம் ஒரிஜினல் இல்லை." அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் விலை இறங்கிடும். வாங்குகிறவர் வண்டியில் இருக்கும் அலுமினிய ரிம்மைக் கழற்றிவிட்டு, எங்கிருந்தாவது குரோம் பூசிய ஸ்டீல் ரிம்மைத் தேடிப்பிடித்து மாட்டுவார். வண்டி 'பழைய நிலைக்கு' வந்துவிட்டதாகச் சொல்வார்கள்.

எந்தப் பழைய நிலை? தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளின் நிலையா, அல்லது அந்த வண்டி பத்து வருஷம் உண்மையில் ஓடிய நிலையா? 1960-களின் கடைசியிலும் 70-களிலும் வந்த ட்ரெயில் வண்டிகளைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி சும்மா கேட்கிற கேள்வி இல்லை. மாற்றப்பட்ட ரிம்மும் ஒரு வரலாற்று ஆவணம்தான், அதைக் கழற்றி எறியும் முன் யோசிக்கணும் என்பது என் கட்சி. அதற்கு உதாரணமாக ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன்: யமஹா 1968-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த டிடி-1.

பாலைவனமும் ஒரு புது வகை வண்டியும்

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மண்பாதையில் ஓட்ட நினைத்த சாதாரண ஆளுக்குக் கிடைத்தது 'ஸ்க்ராம்ப்ளர்' என்ற பெயரில் விற்ற வண்டிகள். பெரும்பாலும் ரோடு வண்டியேதான். புகைக்குழாயை மேலே தூக்கிக் கட்டி, ஹேண்டில்பாரை அகலமாக்கி, டயரை மாற்றியிருப்பார்கள். அதை வைத்தே பெரிய காரியங்கள் செய்தவர்களும் உண்டு. 1962-ல் டேவ் எகின்ஸும் பில் ராபர்ட்சன் ஜூனியரும் ஹோண்டா சிஎல்72 வண்டிகளில் மெக்சிகோவின் திஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை பாஹா பாலைவனத்தைக் கடந்தார்கள். எகின்ஸ் எடுத்துக்கொண்ட நேரம் 39 மணி 56 நிமிடம். நேரத்துக்குச் சாட்சி, இரண்டு ஊர்களின் தந்தி அலுவலகங்களிலிருந்தும் அனுப்பிய தந்திகள்.

இந்த ஆர்வத்தைக் கவனித்தவர்களில் ஒருவர் யமஹாவின் அமெரிக்க நிறுவனத்தில் வேலை பார்த்த ஜேக் ஹோல். ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவாக, ஆரம்பத்திலிருந்தே அதற்கென்று வரைந்த ஒரு வண்டி வேண்டும் என்று ஜப்பானை வலியுறுத்தியவர் அவர். 1967 டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் டிடி-1 காட்டப்பட்டது. அடுத்த ஆண்டு விற்பனை. 250சிசி வகை, ஒற்றை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். திங்கள் முதல் வெள்ளி வரை விளக்கு, ஹாரன், நம்பர் பிளேட்டோடு வேலைக்குப் போகலாம். சனி ஞாயிறு விளக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் பாலைவனத்தில் பறக்கலாம்.

இப்படி இரண்டு வேலைக்கும் பொதுவான வண்டி என்றால் ஏதாவது ஒரு இடத்தில் சமரசம் செய்துதான் ஆகணும். விலை சாதாரண ஆளின் கைக்கு எட்டணும். கடையில் நிற்கும்போது பளபளக்கணும். அந்தச் சமரசம் கண்ணுக்குத் தெரிகிற இடம் சக்கரம்தான். முன்னால் 19 அங்குலம், பின்னால் 18 அங்குலம். இரண்டும் குரோம் பூசிய ஸ்டீல் ரிம்.

வாங்கியவர் வண்டியை மாற்றுவார் என்பது யமஹாவுக்கே தெரியும். அதனால்தான் 'ஜிஒய்டி கிட்' என்று ஒரு பொட்டலத்தைத் தனியாக விற்றார்கள். சிலிண்டர், பிஸ்டன், புகைக்குழாய் என்று எல்லாம் என்ஜின் வேகத்துக்கானவை. ஆக, டிடி-1 முடிந்துபோன பொருளாகக் கடைக்கு வரவில்லை. மிச்ச வேலையை வாங்கினவர் செய்துகொள்வார் என்ற எதிர்பார்ப்போடுதான் வந்தது. என்ஜினுக்கு நிறுவனம் ஒரு வழி சொன்னது. சக்கரத்துக்கான வழியை ஓட்டுகிறவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள்.

நிற்கும் சக்கரம், இழுத்துக் கட்டிய சக்கரம்

ரிம் மாற்றுவது ஏன் ஒரு பெரிய வேலை என்று புரிய, கம்பிச் சக்கரம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்கணும்.

நம்ம ஊர் மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்க. நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், வெளியே வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டா. பாரம் குடத்தில் இறங்கும்போது, அந்த நேரத்தில் கீழே இருக்கிற ஆரக்கால் தூண் மாதிரி நின்று தாங்கும். மரம் அழுத்தத்தைத் தாங்கும், அதனால் இது நடக்கிறது.

மெல்லிய கம்பியால் தூண் மாதிரி நிற்க முடியாது, வளைந்துவிடும். ஆனால் இழுத்தால் அபாரமாகத் தாங்கும். இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி, பறக்கும் இயந்திரத்துக்கு எடை குறைந்த சக்கரம் வேண்டும் என்று யோசித்தபோது, 1808-ல் தன் குறிப்பேட்டில் இந்த யோசனையை எழுதி வைத்தார். இழுத்துக் கட்டிய கயிறுகளே வட்டத்தைத் தாங்கட்டும் என்றார். 1869-ல் பாரிஸில் எழான் மேயர் கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கோவென்ட்ரியின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-ல் கம்பிகளை ஹப்பின் நடுவிலிருந்து நேராக விடாமல், அதன் விளிம்பை உரசினாற்போலச் சாய்த்து, ஒன்றையொன்று குறுக்கே கடக்கும்படி பின்னுவதற்குக் காப்புரிமை எடுத்தார். மிதிக்கும் விசையும் பிரேக் விசையும் ஹப்பைத் திருகும்போது, சாய்ந்த கம்பிகள் அதை நேரடியாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் சைக்கிள் சக்கரம் இன்றுவரை இந்த ஸ்டார்லி பின்னல்தான்.

ஹப் மேல்கம்பியில் தொங்குகிறதா, கீழ்க்கம்பியில் நிற்கிறதா என்று ஒரு பழைய வாதம் உண்டு. ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981-ல் வெளியிட்ட 'தி பைசைக்கிள் வீல்' நூலில் இதற்குக் கணக்கு போட்டுக் காட்டினார். எல்லாக் கம்பியும் முன்கூட்டியே முறுக்காக இருக்கின்றன. பாரம் இறங்கும்போது கீழே இருக்கும் சில கம்பிகளின் முறுக்கு குறைகிறது, மற்றவற்றில் பெரிய மாற்றம் இல்லை. அதாவது சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து மீண்டும் இறுகுகிறது.

ட்ரெயில் பைக்குக்கு உயிரான விஷயம் இதுதான். முறுக்கு போதாத கம்பி, கல்லில் விழும்போது முழுசாகத் தளர்ந்துபோகும், அடுத்த நொடி வெடுக்கென்று இழுபடும். இப்படி ஆயிரக்கணக்கான முறை ஆனால் ஹப்புக்கு அருகே வளைவில் கம்பி முறியும். ஒன்று முறிந்தால் அதன் பங்கு பக்கத்துக் கம்பிகளுக்குப் போகும். பிறகு அவையும் வரிசையாகப் போகும். பின் சக்கரத்தில் இது சீக்கிரம் நடக்கும், ஏனென்றால் என்ஜின் இழுப்பு, பிரேக், ஓட்டுபவரின் எடை எல்லாம் அங்கேதான்.

ஸ்டீலா, அலுமினியமா?

ஸ்டீல் ரிம் செய்வது எளிது. தகட்டை உருளைகளுக்கு நடுவே விட்டு வடிவம் கொடுத்து, வட்டமாக்கி, பற்றவைத்து, குரோம் பூசுவார்கள். மலிவு, பளபளப்பு. ரோட்டில் ஓட்டினால் ஒரு குறையும் சொல்ல முடியாது. காட்டில்தான் சிக்கல். கூரான கல்லில் அடித்தால் விளிம்பு மடங்கும். குரோம் உரிந்த இடத்தில் துரு. உள்பக்கம் தண்ணீர் தேங்கி நிப்பிள் இறுகிப்போகும், பிறகு கோட்டம் எடுக்கப் போனால் கம்பிதான் முறுக்கிக்கொள்ளும்.

அலுமினியத்தின் அடர்த்தி ஸ்டீலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அதே கனத்தில் செய்தால் பயன் இல்லை, சுவரைக் கனமாக்கி, விளிம்புகளுக்கு நல்ல வடிவம் கொடுத்தாகணும். அப்படிச் செய்த பிறகும் எடை குறைவாகவே இருக்கும். அந்தக் குறைவு நடக்கிற இடம் முக்கியம். ரிம் என்பது ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை, அதுவும் சுற்றுகிற எடை, அதுவும் அச்சிலிருந்து தூரத்தில் சுற்றுகிற எடை. அங்கே குறைக்கும் ஒவ்வொரு கிராமும் ஷாக்கின் வேலையைக் குறைக்கும், திருப்பத்தில் கைக்குத் தெரியும். அந்தக் கால ட்ரெயில் பைக்கின் பின் ஷாக் சில அங்குலமே அசையும். மிச்ச அடி முழுவதும் டயருக்கும் ரிம்முக்கும்தான்.

அலுமினிய ரிம் புதுசாக வந்த பொருள் இல்லை. மிலானில் கார்லோ போரானி 1922-ல் ரட்ஜ்-விட்வொர்த் உரிமத்தோடு கம்பிச் சக்கரம் செய்யத் தொடங்கினார். பின்னாளில் இத்தாலியப் பந்தய வண்டிகளின் அலுமினிய ரிம்முக்கு அந்தப் பெயரே அடையாளம் ஆனது. மண்பாதைப் பந்தயத்தில் அந்த இடத்தைப் பிடித்தது ஸ்பெயினின் ஆக்ரான்ட். பல்டாக்கோ, மொண்டேசா மாதிரியான ஸ்பானிய வண்டிகளோடு அமெரிக்காவுக்கு வந்த பெயர் அது. ஜப்பானில் சங்கிலி செய்யும் டைடோ கோக்யோவின் 'டிஐடி' ரிம்களும், தகாசாகோவின் 'எக்ஸெல்' ரிம்களும் பின்னர் சேர்ந்துகொண்டன.

பழைய ஆக்ரான்ட் ரிம்மில் ஒரு வேடிக்கை இருக்கிறது. விளிம்பை ஒட்டி ஒரு தோள் மாதிரி எழும்பி நிற்கும், விறைப்புக்காக. அந்தப் பள்ளத்தில் சேறு அப்பிக்கொள்ளும். எடையைக் குறைக்க ரிம்மை மாற்றினவர், சேறு நிறைந்த பாதையில் அந்த எடையைத் திரும்பச் சுமந்தார். பிறகுதான் தோள் இல்லாத வடிவம் வந்தது. நிறுவனத்தின் பட்டியல் எதையும் பார்க்காமல், ரிம்மின் வடிவத்தை மட்டும் வைத்தே அது எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

1971-ல் புரூஸ் பிரவுனின் 'ஆன் எனி சண்டே' ஆவணப்படம் வந்தது. மண்பாதையில் ஓட்டுவது குடும்ப விளையாட்டானது. 1973-ல் ஹோண்டா சிஆர்250எம் எல்சினோர் பந்தய வண்டி அலுமினிய ரிம்மோடு ஷோரூமுக்கு வந்தது. ஜப்பான் தொழிற்சாலையால் என்ன முடியும் என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது. ட்ரெயில் வண்டி வைத்திருந்தவர் தன் குரோம் ரிம்மைத் திரும்பிப் பார்த்தார். மாற்றத் தொடங்கினார்.

கோட்டம் எடுக்கும் வேலை

டிடி-1-ல் பலர் செய்தது ரிம் மாற்றம் மட்டும் இல்லை, அளவு மாற்றமும்தான். முன்னால் இருந்த 19-ஐ 21 ஆக்கினார்கள். பெரிய வட்டம் கல்லையும் பள்ளத்தையும் சுலபமாக ஏறிக் கடக்கும். ஹப் பழசு, அதன் டிரம் பிரேக் பழசு. ரிம் புதுசு, கம்பி புதுசு.

கம்பி ஏன் புதுசு? வெளி வட்டம் பெரிதானால் நீளம் போதாது என்பது வெளிப்படை. அதே அளவு ரிம் போட்டாலும்கூட பழைய கம்பி சரிவராமல் போகலாம். அலுமினிய ரிம்மின் சுவர் கனம், நிப்பிள் உட்காரும் இடம் உள்ளே தள்ளியிருக்கும், அதனால் நீளம் மாறும். அதைவிட முக்கியமானது துளையின் சாய்வு. ஒவ்வொரு துளையும் தன் கம்பி வரும் திசையைப் பார்த்து இடமோ வலமோ, முன்னோ பின்னோ சாய்ந்திருக்கணும். வேறொரு ஹப்புக்காகத் துளைத்த ரிம்மை மாட்டினால் நிப்பிளிலிருந்து வெளியே வரும் இடத்தில் கம்பி லேசாக மடங்கி நிற்கும். பார்த்தால் தெரியாது. முறிவது அங்கேதான். அதனால்தான் நல்ல ரிம்கள் துளை போடாமலே விற்கப்படுகின்றன. ஹப்பை அளந்து பிறகு துளைப்பார்கள்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற யாராவது இப்போது இந்த வேலையில் இறங்கப்போகிறீங்கன்னா, வரிசையைச் சொல்லிடறேன். பழைய கம்பியை வெட்டும் முன், ஹப்பின் விளிம்பிலிருந்து ரிம்மின் விளிம்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கணும். டிரம் ஒரு பக்கம் இருக்கிறதால் ரிம் ஹப்பின் நடுவில் இருக்கும் என்று சொல்ல முடியாது, வண்டியின் நடுவில்தான் இருக்கணும். பின்னலைப் போட்டோ எடுத்து வைக்கணும். உள்பக்கக் கம்பி, வெளிப்பக்கக் கம்பி என்று வளைவின் கோணமே வேறுபடும், கலந்துவிடக் கூடாது. அலுமினிய ரிம்மில் நிக்கல் பூசிய பித்தளை நிப்பிள் போடுவது வழக்கம். எல்லாவற்றையும் கையால் ஒரே அளவுக்குச் சுற்றிவிட்டு, பிறகு ஸ்டாண்டில் வைத்து முதலில் மேல்-கீழ் துள்ளல், அடுத்து பக்கவாட்டுக் கோட்டம். எந்தக் கம்பியையும் ஒரே மூச்சில் இறுக்காமல், கால் சுற்று, அரைச் சுற்று என்று போகணும். முடிந்ததும் ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டினால் 'டிங்' என்று ஏறக்குறைய ஒரே சுருதி வரணும். 'டொக்' என்றால் தளர்வு. முதல் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி தட்டிப் பார்க்கணும், ஏனென்றால் புதுக் கம்பி தன் இடத்தில் உட்கார்ந்து கொஞ்சம் தளரும்.

நம்ம சைக்கிள் கடைகளில் கோட்டம் எடுத்தவருக்கு இதில் புதுசாக எதுவும் இல்லை. கம்பி தடிமன், 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை. ஸ்பேனர் பெரிசு. ஆபத்தும் பெரிசு. மற்றபடி வேலை ஒன்றுதான்.

அப்போ அசல் எது?

19-ஐ 21 ஆக்கியதால் வண்டியில் வேறு என்னென்ன மாறியது? ஆராய்ச்சிக்கு ருசியான பகுதி இது. 3.25-19 டயரின் விட்டம் உத்தேசமாக 25.5 அங்குலம், 3.00-21 டயரின் விட்டம் 27 அங்குலம். முன்பக்கம் முக்கால் அங்குலம் உயர்ந்து, ஃபோர்க் சாய்வு கூடும். இன்னொன்று: டிடி-1-ன் ஸ்பீடோமீட்டர் முன் சக்கரத்திலிருந்து ஓடுவது. சக்கரம் பெரிதானால் அதே தூரத்துக்குச் சுற்று குறையும். கணக்குப்படி ஏறத்தாழ 6 சதவீதம். மீட்டரில் 10,000 மைல் என்றால் வண்டி ஓடியது 10,600-க்குப் பக்கம்.

இப்போது யோசிங்க. ஒருவர் இந்த வண்டியை வாங்கி, 21 அங்குல அலுமினிய ரிம்மைக் கழற்றி, பழைய 19 அங்குல குரோம் ரிம்மை மாட்டி, 'ஒரிஜினல் மைல்' என்று விளம்பரம் செய்கிறார். வண்டி உண்மையில் ஓடிய தூரத்தைத் திருத்திச் சொல்வதற்கு இருந்த ஒரே சாட்சி குப்பைக்குப் போய்விட்டது. தொழிற்சாலை நிலைக்கு அருகே போகப் போக, வண்டியின் வாழ்க்கையிலிருந்து விலகிப் போகிறோம்.

நிறுவனங்களின் ஆவணங்கள் பாதுகாக்கப்படுகின்றன. வரைபடம், விளம்பரம், உதிரிபாகப் பட்டியல் எல்லாம் கிடைக்கும். சனிக்கிழமை இரவு கராஜில் உட்கார்ந்து ஒருவர் பின்னிய சக்கரத்துக்கு ரசீதுகூட இருக்காது. அதற்கு ஆவணம் அந்தச் சக்கரம் மட்டும்தான். கண்டுபிடிப்பாளர்களின் கதையை மட்டும் எழுதினால் போதாது, பயன்படுத்தியவர்களும் பழுது பார்த்தவர்களும்தான் தொழில்நுட்ப வரலாற்றின் பெரும்பகுதி என்று டேவிட் எட்ஜர்டன் 'தி ஷாக் ஆஃப் தி ஓல்டு' நூலில் வாதாடுகிறார். ட்ரெயில் பைக்கின் ரிம் அதற்குக் கச்சிதமான உதாரணம். ஓட்டுகிறவர்கள் தாங்களே செய்துகொண்டதை 1980-களில் தொழிற்சாலைகள் ட்ரெயில் வண்டிகளிலும் தரத் தொடங்கின. 1987-ல் பிஎம்டபிள்யூ தன் ஜிஎஸ் வண்டிகளில் கம்பிகளை ரிம்மின் வெளி விளிம்பில் கோத்து, கம்பிச் சக்கரத்திலேயே ட்யூப் இல்லாத டயரைப் போட வழி செய்தது. சென்னையின் ராயல் என்ஃபீல்டு, ஹிமாலயன் 450-க்கு ட்யூப்லெஸ் கம்பிச் சக்கரத்தை 2024-ல் இந்தியாவில் தந்தபோது வாங்கியவர்கள் கொண்டாடியதும் இந்த நீண்ட கதையின் ஒரு துண்டுதான்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. தொழிற்சாலை எப்படிச் செய்தது என்று காட்ட, கை படாத சில வண்டிகள் அப்படியே இருக்கணும், அதில் சந்தேகமே இல்லை. அப்படிப்பட்ட குரோம் ரிம்மைக் கழற்றி அலுமினியம் போடுவதும் அழிப்புதான். பாதுகாப்பும் இருக்கிறது. ஐம்பது வருஷ அலுமினியத்தில் நிப்பிள் துளையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருந்தால் எந்த வரலாற்றுக்காகவும் அதில் ஏறக் கூடாது. ஆள் உயிர் ரிம்மைவிடப் பெரிசு.

ஆனால் ரிம் நல்லா இருந்தால், அது வண்டியோடு பல வருஷம் வாழ்ந்தது என்று தெரிந்தால், விட்டுவிடுங்க. மாற்றியே தீரணும் என்றால் நாலு காரியம் செய்துவிட்டு மாற்றுங்க. ரிம்மில் குத்தியிருக்கும் பெயரையும் அளவையும் போட்டோ எடுங்க. 1.60, 1.85, 2.15 என்று அகலம் அங்குலத்தில் இருக்கும். கம்பியின் தடிமனையும் எத்தனை குறுக்குப் பின்னல் என்பதையும் எழுதுங்க. மீட்டர் அப்போது காட்டிய எண்ணைக் குறிச்சு வையுங்க. கழற்றிய ரிம்மில் இந்த விவரத்தை ஒரு அட்டையில் கட்டி, வண்டியை விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுங்க.

விளம்பரத்தில் "ரிம் ஒரிஜினல் இல்லை" என்பதற்குப் பதிலாக "முன் ரிம் 21 அங்குலம், ஆக்ரான்ட், முந்தைய உரிமையாளர் மாற்றியது" என்று எழுதினால், வாங்குகிறவருக்கு ஒரு குறைக்குப் பதில் ஒரு தகவல் கிடைக்கும்.